மூன்றாம் திங்களுக்கு முன்

பிள்ளைத்தமிழ் பாடும் புலவன் குழந்தை பிறந்த அன்றே பாடத் தொடங்குவதில்லை; மூன்றாம் திங்களிலேதான் வாய் திறக்கிறான். காப்பு மூன்றாம் திங்களில், செங்கீரை ஐந்தில், தால் ஏழில், சப்பாணி ஒன்பதில், முத்தம் பதினொன்றில், வருகை பதின்மூன்றில் என ஒற்றைப்பட்ட திங்களாகவே சென்று, இருபத்தோராம் திங்களில் பத்துப் பருவமும் நிறைவுறும். பாட்டியல் நூல்களுக்குள் சிற்சில வேறுபாடுகள் உண்டு எனினும் பெருவழக்கு இதுவே. ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழனைப் பாடிய 12ஆம் நூற்றாண்டு முதல், குமரகுருபரர் மீனாட்சியம்மையைப் பாடிய 17ஆம் நூற்றாண்டு வரையிலும், அதன் பின்னரும், புலவர்கள் இந்நெறியையே போற்றி வந்துள்ளனர். பிறந்த நாள் தொட்டு முதல் இரு திங்களுக்குப் பருவம் வகுக்கப்படவில்லை. ஆதலின் அவ்விரு திங்களுக்குப் பாட்டும் இல்லை.

வகுப்பறையில் இது பெரிய இழப்பாகத் தோன்றுவதில்லை. பாட்டுடைத் தலைவன் அரசன், அல்லது தெய்வம். அத்தகைய குழந்தை இருக்குமோ போகுமோ என்ற ஐயத்துக்கு அங்கே இடமில்லை. ஆனால், கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் மருத்துவமனைகளில் பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நாற்காலியில் காத்திருக்கும் தமிழ்க் குடும்பத்துக்கு, வாழ்வு முழுவதும் அந்த இரண்டு மூன்று திங்களுக்குள் அடங்கிக் கிடக்கிறது. அக்குடும்பத்துக்குத் தமிழிலக்கியம் என்ன வைத்திருக்கிறது, என்ன வைக்கவில்லை என்று பார்ப்பது வீண் ஆராய்ச்சி ஆகாது.

கருவுற்று 37 வாரம் நிறையுமுன் பிறக்கும் குழந்தையைக் காலத்துக்கு முன் பிறந்த குழந்தை என்று மருத்துவர் வகுப்பர். உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், 2020ஆம் ஆண்டில் இவ்வாறு பிறந்த குழந்தைகள் ஏறத்தாழ 1 கோடியே 34 இலட்சம். பிறந்தவற்றுள் பத்துக்கு ஒன்று எனலாம். 28ஆம் வாரத்தில் பிறக்கும் குழந்தையின் எடை ஏறக்குறைய 1 கிலோ. கடையில் வாங்கிய சீனிப் பொட்டலத்தைக் கையில் வைத்துப் பார்த்துத்தான் வீட்டிலிருக்கும் பாட்டி அந்த எடையை உணர்கிறாள். பாட்டி வீட்டில்தான் இருக்க வேண்டும். பிரிவுக்குள் பெரும்பாலும் பெற்றோர்க்கே இடமுண்டு.

கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு நாள்தோறும் சென்று வரும் ஒரு தாயின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். கிள்ளானிலேயே தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை உண்டு. ஆயினும் எங்கே மகப்பேறு நேர்ந்ததோ, எங்கே இடம் கிடைத்ததோ, அங்கேதான் குழந்தை இருக்கும். வழக்கப்படி அவள் வீட்டுக்குள் பத்தியம் இருந்து, காதை மூடித் துணி கட்டி, குளிர்காற்றுப் படாமல் இருக்க வேண்டிய நாட்கள் அவை. அவளோ விடியற்காலையில் மின்ரயில் ஏறுகிறாள். பனிக்கட்டி இட்ட பையில் இரவெல்லாம் பிழிந்தெடுத்த பால் இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸ் சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி வேறு வண்டி பிடித்து மருத்துவமனையை அடைந்து, முழங்கை வரை கழுவிக்கொண்டு உள்ளே போகிறாள். அப்பால் மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ செலுத்திய மெல்லிய குழாயின் மூலம் இரைப்பைக்குப் போகிறது. தொடக்கத்தில் ஒரு வேளைக்கு 1 மில்லி, 2 மில்லி. ‘இன்றைக்கு மூணு மில்லி குடிச்சான்’ என்று அவள் தொலைபேசியில் சொல்லும்போது வீட்டில் திருவிழாவே நடக்கிறது. மறுநாள் வயிறு உப்பியிருந்தால் பாலை நிறுத்திவிடுவர். வீட்டிலும் அன்று ஒருவரும் சரியாக உண்பதில்லை. கிள்ளான் துறைமுகத்தில் வேலை முடித்து இரவில் வரும் தகப்பனுக்கு, கண்ணாடிக்குள் கையை விட்டு ஒரு விரலைத் தொடும் அளவே நேரம் கிடைக்கிறது. பதினாறாம் நாளோ முப்பதாம் நாளோ தொட்டிலிட்டுப் பெயர் சூட்டும் குடும்பத்தில், அந்நாள் வந்து கடந்து போகிறது. மலேசிய வீடுகளில் வழக்கமான சுருள்கம்பித் தொட்டிலை வாங்கி மாட்டுவதா வேண்டாமா என்பதே பெரிய வழக்காகிவிடும். மருத்துவமனைச் சீட்டில் தாயின் பெயரைச் சொல்லி அவள் குழந்தை என்று எழுதியிருப்பார்களேயன்றிக் குழந்தைக்கெனப் பெயரொன்று இராது.

இந்த வாழ்வின்முன் பிள்ளைத்தமிழை வைத்துப் பார்த்தால் இரண்டு செய்திகள் புலப்படுகின்றன. முதலாவது, பிள்ளைத்தமிழின் திங்கட்கணக்கு வெறும் கற்பனை அன்று. ஐந்தாம் திங்களில் கையூன்றித் தலை நிமிர்த்தி அசைவதும், ஒன்பதில் கை கொட்டுவதும், ஓராண்டு கடந்து தளர்நடை இடுவதும் பெரும்பாலான குழந்தைகளிடத்துக் காணக்கூடிய வளர்ச்சியே. குழந்தையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் வகுத்த வரிசை அது. இரண்டாவது, அவ்வரிசை நிறைமாதத்தில் பிறந்த குழந்தையையே அளவாகக் கொண்டது. 28ஆம் வாரத்தில் பிறந்த குழந்தைக்கு ஒன்பது திங்கள் நிறைந்தபோது கை கொட்ட வராது. பக்கத்து வீட்டுக்காரி கேட்பாள்; மாமியார் கேட்பாள்; பள்ளியில் சப்பாணிப் பருவம் நடத்தும் ஆசிரியையே தாயாக இருந்தால் அவள் மனமே அவளைக் கேட்கும்.

மருத்துவர் இதற்கு வேறு கணக்கு வைத்திருக்கின்றனர். பிறந்த நாளிலிருந்து எண்ணாமல், பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணுவது அது. அதனைத் திருத்திய வயது என்று சொல்லலாம். மூன்று திங்கள் முந்திப் பிறந்த குழந்தைக்கு ஒன்பதாம் திங்கள் என்பது உண்மையில் ஆறாம் திங்களே. அக்குழந்தை தால் பருவத்தையும் எட்டவில்லை. சப்பாணிக்கு இன்னும் காலம் இருக்கிறது. இத்திருத்தத்தை மருத்துவர் பொதுவாக இரண்டு வயது வரை கைக்கொள்வர். பிள்ளைத்தமிழ்ப் பருவங்கள் முடியும் காலமும் ஏறக்குறைய அதுவே. எனவே பிள்ளைத்தமிழ் நடத்தும் ஆசிரியர், ‘ஒன்பதாம் மாதத்தில் குழந்தை கை கொட்டும்’ என்று பலகையில் எழுதும்போது, ‘நிறைமாதத்தில் பிறந்திருந்தால்’ என்ற சொற்களைச் சேர்ப்பது இலக்கணப் பிழை ஆகாது. அந்த வகுப்பில் முந்திப் பிறந்த தம்பியோ தங்கையோ உள்ள மாணவன் ஒருவன் இருக்கவே இருப்பான்.

இனித் தாலாட்டு. எழுதா இலக்கியமாகிய தாலாட்டுக்குப் பாட்டியல் இல்லை. பிறந்த அன்றே பாடலாம். மலாயாத் தோட்டங்களில் ஆயாக் கொட்டகையில் சேலைத் தொட்டில்களை ஆட்டியபடி பாடப்பட்ட தாலாட்டுக்களுக்கு எந்தப் புலவரும் பருவம் வகுக்கவில்லை. எனவே பிள்ளைத்தமிழ் விட்டுவிட்ட இடத்தைத் தாலாட்டு நிரப்பும் என்று எதிர்பார்க்கத் தோன்றும். ஆனால் இங்கும் ஒரு தடை இருக்கிறது. தமிழ்த் தாலாட்டின் நடுநாடி குழந்தையின் அழுகை. யார் அடித்தார் என்று தாய் கேட்பதும், மாமன் அடித்தானோ அத்தை அடித்தாளோ என்று உறவினரை ஒவ்வொருவராகக் குற்றக் கூண்டில் ஏற்றுவதும், அழுகை என்ற ஒன்று இருப்பதால் எழும் உத்திகளே. மூச்சுக் குழாய் பொருத்திய குழந்தைக்கு அழுகை ஒலி இல்லை. குழாய் குரல்நாண்களின் நடுவே செல்வதால், அது அழும்போது முகம் சுருங்கும், வாய் திறக்கும், ஓசை மட்டும் வராது. அடித்தது யார் என்று கேட்பதற்கும் அங்கே வழியில்லை. ஊசி குத்தியவரும் உயிர் காப்பவரும் ஒருவரே.

அதனால் அவ்வறையில் தாலாட்டுப் பயனற்றது என்று முடிவு கட்டுவது தவறு. 2013ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 11 மருத்துவமனைகளில் 272 முந்திப் பிறந்த குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு ஒன்று வெளியாயிற்று. இசை மருத்துவர் ஜோவான் லோவி என்பவரும் அவர் குழுவினரும் செய்தது அது. பெற்றோர் தமக்கு உரிமையான பாட்டொன்றைத் தாலாட்டாக்கி மெல்லப் பாடும் முறையும் அதில் அடங்கும். இத்தகைய உயிரிசையினால் குழந்தைகளின் இதயத் துடிப்பு அமைதியுற்றதும், பால் உறிஞ்சும் ஆற்றலும் உறக்கமும் மேம்பட்டதும் அந்த ஆய்வில் பதிவாயின. பொருள் விளங்காத குழந்தைக்குப் பொருள் எதற்கு என்று கேட்கலாம். தாலாட்டு என்ற சொல்லே அதற்கு விடை வைத்திருக்கிறது. தால் என்பது நாக்கு. நாவசைவே முதல், பொருள் பின்னால் வந்து ஏறிக்கொண்டது. மாமன் கொண்டுவரும் சீரும், அத்தை இடும் பொன்னும் தாய்க்காகப் பாடப்படுபவை, நாவசைவு குழந்தைக்காக. கண்ணாடிப் பெட்டியின் பக்கத்தில், கருவிகள் ஒலிக்கும் அவ்வறையில், பிறர் குழந்தைகள் விழித்துவிடாமல் பாடக் கூடியது அந்த முதல் பகுதியே. மூன்றாம் திங்களுக்குமுன் தமிழில் பாடத்தக்கது எது என்று தேடுவார்க்கு இதுவே முதல் விடை.

சங்க நூல்கள் இவ்விடத்தில் கொடுப்பது சிறிது. பாண்டியன் அறிவுடைநம்பி பாடிய புறநானூற்று 188ஆம் பாட்டில் வரும் குழந்தை குறுகுறு என நடந்து சென்று சோற்றில் கையிடுகிறது. அது நடக்கத் தெரிந்த குழந்தை. ஐங்குறுநூற்றில் புதல்வனை நடுவே கிடத்தித் தாயும் தந்தையும் பக்கத்தில் கிடக்கும் காட்சி உண்டு. அந்தப் பக்கம்தான் மருத்துவமனையில் கிடைக்காதது. குழந்தையின் மெய்யைத் தீண்டுவது பெற்றோர் உடலுக்கு இன்பம் என்னும் 65ஆம் குறளும் இவ்வறையில் புதிய பொருள் பெறுகிறது. கொலம்பியா நாட்டுப் பொகோத்தா நகரில் 1978ஆம் ஆண்டில் எட்கர் ரேய் என்னும் மருத்துவர், அடைகாப்புப் பெட்டிகள் போதாமையால், குழந்தையைத் தாயின் மார்போடு மார்பாக இருத்தும் முறையைத் தொடங்கினார். கங்காருப் பராமரிப்பு என்று அதற்குப் பெயராயிற்று. கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய நாடுகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், பிறந்தவுடனேயே இம்முறையைத் தொடங்கியபோது பச்சிளங்குழந்தைகளின் இறப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. நாளொன்றுக்கு 8 மணி முதல் 24 மணி வரை இதனைச் செய்யலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. மலேசிய மருத்துவமனைகளிலும் இம்முறை உண்டு. வள்ளுவர் பேசியது பெற்றோர் பெறும் இன்பத்தை. மருத்துவர் பேசுவது குழந்தை பெறும் உயிரை. இரண்டையும் ஒன்றாக்கி, வள்ளுவர் அன்றே மருத்துவம் சொன்னார் என்று மேடையில் முழங்குவது அவருக்கும் பெருமை தராது, மருத்துவத்துக்கும் பயன் தராது.

சங்கப் பாட்டுள் கூர்ந்து நோக்கத் தக்கது ஒன்று உண்டு. சேரமான் கணைக்கால் இரும்பொறை குடவாயிற் கோட்டத்துச் சிறையில் பாடியதாக வழங்கும் 74ஆம் புறப்பாட்டை, மானத்துக்கு எடுத்துக்காட்டாகவே அனைவரும் நடத்துகின்றனர். குழந்தை இறந்தே பிறந்தாலும், உருவமற்ற தசைப்பிண்டமாகப் பிறந்தாலும் அதனை வாளால் வடுப்படுத்தாமல் புதைக்காத குடி தன் குடி என்பது அதன் பின்னணி. கேட்பதற்குக் கொடுமையாகத் தோன்றும் வழக்கம்தான். ஆயினும் அதன் காரணம் நோக்குதற்குரியது. உருவம் நிறையாத பிறப்பையும் ஆள் அன்று என்று அவர்கள் தள்ளவில்லை. குடியின் ஒருவனாக எண்ணியே அந்தச் சடங்கைச் செய்தனர். வாழ்ந்து மடிந்த வீரனுக்கு உரிய விழுப்புண்ணை, ஒரு நாளும் வாழாத பிண்டத்துக்கும் அளித்தனர். அது தங்கும் வரை பெயர் வைக்க வேண்டாம், ஊருக்குச் சொல்ல வேண்டாம் என்று இன்று சில வீடுகளில் எழும் பேச்சோடு இதனை ஒப்பிட்டால், மானம் என்ற ஒரு சொல்லுக்குள் அப்பாட்டை அடைத்துவிட்டது பிழை என்பது விளங்கும்.

இனி, இப்பொருளுக்கு மிக நெருங்கிய தமிழ் நூல் திருவாசகம். போற்றித் திருவகவலில் மாணிக்கவாசகர், தாயின் வயிற்றில் முதல் திங்கள் தொட்டுப் பத்தாம் திங்கள் வரை உயிர் கடக்கும் இடையூறுகளை வரிசைப்படுத்துகிறார். இப்பகுதியைப் பற்றி மேடைகளிலும் மலர்களிலும் கேட்கும் புகழ்ச்சி ஒன்று உண்டு. இக்காலக் கருவியல் கண்டதை அவர் அன்றே கண்டார் என்பது அது. தொடக்கத்தில் கிருமிகளோடு நேரும் போர் பேசப்படுகிறதே, நோய்க் கிருமிகளை அவர் அறிந்திருந்தார் அன்றோ என்று அதற்குச் சான்றும் காட்டுவர். இச்சான்று நில்லாது. அங்குக் கிருமி என்பது வயிற்றுப் புழு. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரை அச்சொல்லால் குறிப்பது பிற்கால வழக்கு. எந்தத் திங்களில் எந்த உறுப்புத் தோன்றும் என்பதும் அகவலின் கருத்து அன்று. எட்டாம் திங்களுக்கு அகவல் கட்டத்தைச் சொல்கிறது. எட்டாம் மாதத்தில் பிறந்த பிள்ளை தங்காது, ஏழாம் மாதத்துப் பிள்ளை தங்கும் என்னும் நம்பிக்கை ஆயுர்வேத நூல்களிலும் உண்டு, கிரேக்கரிடத்தும் உண்டு, கிள்ளான் பாட்டிமாரிடத்தும் உண்டு. அதனை அகவலோடு இணைத்துப் பேசினால் பெரும் தீங்கு விளையும். கருவில் கூடுதலாக இருந்த ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு வலிமையே. 32 வாரக் குழந்தையின் பெற்றோர் 28 வாரக் குழந்தையின் பெற்றோரைவிட அஞ்ச வேண்டியதில்லை.

அறிவியல் புகழ்ச்சியை விலக்கிய பின்னரே அகவலின் உண்மைப் பெருமை தெரிகிறது. அப்பகுதி முழுவதையும் தாங்கி நிற்பது ஒரே வினை: பிழைத்தல். ஒவ்வொரு திங்களிலும் உயிர் வளர்ந்தது என்று அடிகள் கூறவில்லை. பிழைத்தது என்றே கூறுகிறார். ஏழாம் திங்களுக்கு அவர் கூறும் இடையூறு, புவியில் தாழ்தல். கருப்பை தாங்காது, மரத்திலிருந்து காய் உதிர்வது போல மண்ணில் விழுவதினின்று தப்புதல் என்று அதற்கு உரை கொள்வர். திங்களை 28 நாளாக எண்ணினால் ஏழு திங்கள் என்பது 28 வாரம். மேலே சொன்ன கிள்ளான் தாயின் குழந்தை அந்த இடையூற்றினின்று தப்பவில்லை. அது விழுந்தது, விழுந்தும் கண்ணாடிக்குள் உயிரோடு கிடக்கிறது. அகவலின் வரிசையில் அதற்கு இடமில்லை என்று தோன்றும்.

ஆனால் அகவல் பிறப்போடு நிற்கவில்லை. பத்துத் திங்கள் கடந்த பின்னும் அதே வினை தொடர்கிறது. நாள்தோறும் வரும் பசியிலும், உறக்கத்திலும், பயணத்திலும், பின்னர்க் கல்வியிலும், செல்வத்திலும், வறுமையிலும் மனிதன் பிழைத்துக்கொண்டே போகிறான். கருவறையையும் வெளியுலகையும் பிரிக்கும் கோடு அகவலில் இல்லை. இரண்டும் ஒரே தொடர். முந்திப் பிறந்த குழந்தையின் நிலையும் அதுதான். அதற்கு எட்டாம் திங்களும் ஒன்பதாம் திங்களும் வெளியே கழிகின்றன. உள்ளே பிழைத்திருக்க வேண்டியவற்றை அது வெளியே பிழைக்கிறது. வரிசை மாறவில்லை, இடமே மாறியது. இவ்வாறு படித்தால் திருவாசகத்தின் இந்தப் பகுதி மருத்துவ வியப்பாக அன்றி, மருத்துவமனை நாற்காலியில் அமர்ந்திருப்பவர்க்கு மிக நெருங்கிய பாட்டாக மாறுகிறது. ‘டாக்டர், பிள்ளை பிழைக்குமா?’ என்று பாட்டி கேட்கும் வினையும் அதுவே. பிழைப்புத் தேடி நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி வந்தவர்களின் பேத்தி வாயில் அச்சொல் இருப்பது வியப்பன்று. உயிர் தப்புவதையும், வயிறு வளர்ப்பதையும், தவறு செய்வதையும் ஒரே சொல்லால் குறிக்கும் மொழி தமிழ். இம்மூன்றாம் பொருளும் அவ்வறைக்கு வெளியே உலவாமல் இல்லை. என்ன தின்றேன், எங்கே நடந்தேன், எதைத் தூக்கினேன், என் பிழை என்ன என்று தாய் இரவெல்லாம் எண்ணுகிறாள். காலத்துக்கு முன் பிறத்தலுக்குப் பல நேரங்களில் தெளிவான காரணம் கிடைப்பதில்லை என்று மருத்துவர் சொன்னாலும் அவள் கேட்பதில்லை.

பிழைத்தல் என்பதன் எல்லை காலந்தோறும் நகர்ந்திருக்கிறது. 1963ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடிக்குப் பிறந்த மகன், ஐந்தரை வாரம்தான் முந்திப் பிறந்தான். எடை 2 கிலோவுக்குச் சற்று மேல். நுரையீரல் விரியாமையால் இரண்டு நாள் முடியுமுன் இறந்தான். அன்று உலகில் எந்த அதிகாரத்தாலும் அவனைக் காக்க இயலவில்லை. நுரையீரலின் சிற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் விரிந்திருக்க உதவும் பொருளைக் குழாய் வழியே செலுத்தி, ஜப்பானிய மருத்துவர் புஜிவாரா வெற்றி கண்டது 1980இல். இன்று கோலாலம்பூரில் அதில் பாதி எடையுள்ள குழந்தை, துறைமுகத் தொழிலாளியின் குழந்தை, அம்மருந்தைப் பெற்று மூச்சு விடுகிறது.

பெயர்ச் சொல்லைப் பற்றியும் ஒரு செய்தி. தமிழில் நாம் வழங்குவது குறைமாதக் குழந்தை, குறைப்பிரசவம் என்பன. குறைப்பிரசவம் என்ற சொல் கருச்சிதைவையும் குறித்து வழங்குவதால், உயிரோடு இருக்கும் குழந்தையின் தாயிடம் அதனைச் சொல்லும்போது கேட்பவர் முகம் மாறுகிறது. மாதத்துக்கு உரிய குறை விரைவில் குழந்தைக்கு உரியதாகிவிடுகிறது. பத்து வயதில் கணக்கில் ஒரு பிழை விட்டாலும் ‘குறைமாசப் பிள்ளைதானே’ என்பர். மலாய் மொழியில் வழங்கும் ‘பாயி பிராமாத்தாங்’ என்பது முதிருமுன் வந்த குழந்தை என்று பொருள்படும். பழத்தின் முதிர்ச்சியைக் கருதிய சொல். அகவல் உரையில் வரும் காயும் அதே குடும்பம். காய்க்குக் குறை இல்லை, காலமே வரவில்லை. அடைகாப்பான் என்று தமிழில் ஆக்கிய சொல் இவற்றினும் அழகாக அமைந்துவிட்டது. பாரிஸ் நகரத்து மருத்துவர் தார்னியே 1880ஆம் ஆண்டையொட்டி முதல் பெட்டியைச் செய்வித்ததே, அந்நகரப் பூங்காவில் கோழிக்குஞ்சு பொரிக்கும் கருவியைக் கண்டுதான் என்பர். ஆக்கியோர் அறிந்து ஆக்கினரோ இல்லையோ, சொல் தன் பிறந்த வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது. ஆயினும் குடும்பங்கள் அதனைக் கண்ணாடிப் பெட்டி என்றே சொல்கின்றன. அவர்களுக்கு அதிலுள்ள சூடு கையில் படுவதில்லை. கண்ணாடி ஒன்றே படுகிறது.

மலேசியத் தமிழ்ச் சிறுகதையிலும் கவிதையிலும் பால்மரமும் லயமும் பெற்ற இடத்தை இந்த அறை இன்னும் பெறவில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் பிள்ளைத்தமிழ் கற்பிக்கும் இந்திய ஆய்வியல் துறையும், முந்திப் பிறந்த குழந்தைகளைக் காக்கும் மருத்துவ மையமும் லெம்பா பந்தாயில் ஒன்றுக்கொன்று தொலைவில் இல்லை. இடையிலுள்ள பாதையில் இலக்கியம் நடக்கத் தயங்குகிறது. தயக்கத்துக்குக் காரணம் பொருளின் துயரம் மட்டும் அன்று. பிறப்பைப் பாடினால் விழாவாகப் பாட வேண்டும், இறப்பைப் பாடினால் கையறுநிலையாகப் பாட வேண்டும் என்று பழகிவிட்டோம். இரண்டும் இல்லாமல், ஒரு நாள் 3 மில்லி ஒரு நாள் 2 மில்லி என்று அறுபது எழுபது நாள் செல்லும் வாழ்வுக்கு நம்மிடம் துறைப்பெயர் இல்லை. எழுதப் புகுவோர் கண்ணீரைப் பெருக்கி எழுதினால் அது பொய்யாகும். அவ்வறையில் அழுகை குறைவு, கணக்கே மிகுதி. எடை, பால், மூச்சுக் காற்றின் அளவு, போக்குவரத்துச் செலவு, விடுப்பு நாள் என எல்லாம் எண்கள். எண்களை வைத்தே உள்ளத்தைக் காட்டத் தெரிந்தவர் எழுத வேண்டிய கதை அது.

விடுப்பின் கணக்கையும் அக்கதை விட்டுவிட இயலாது. மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் திருத்தம் பெற்று, 2023 ஜனவரி முதல் நாள் தொட்டு மகப்பேற்று விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாயிற்று. தகப்பனுக்கு 7 நாள் உண்டு. வரவேற்க வேண்டிய திருத்தமே. ஆனால், குழந்தை பிறந்த மறுநாளுக்குமேல் விடுப்பின் தொடக்கத்தைத் தள்ளிப்போட இயலாது. சட்டமும் பாட்டியலைப் போல நிறைமாதத்தையே நினைத்து எழுதப்பட்டது. 28ஆம் வாரத்தில் பிறந்த குழந்தை, பிறந்திருக்க வேண்டிய நாளை ஒட்டித்தான் பெரும்பாலும் வீடு திரும்புகிறது. இடையில் 12 வாரம், 84 நாட்கள். பிள்ளைத்தமிழ்க் கணக்கில் அது மூன்றாம் திங்கள், காப்புப் பருவம். சேலைத் தொட்டில் கட்டி, பெயர் சூட்டி, பாட்டி முதன்முதலாக மடியில் வாங்கிக்கொள்ளும் அன்றைக்கு, தாய்க்கு விடுப்பில் எஞ்சியிருப்பவை 14 நாட்கள்.